ஆட்டத்துக்கு முதலில் தரை: நவராத்திரி மண்டபம் முதல் ஊர்க் கலையரங்கம் வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செருப்போடு போக முடியாது. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும். மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை என்று மரவேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறவர்கள், நவராத்திரி மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அங்கே பார்க்க வேண்டியது தரையில் இருக்கிறது. கறுத்து, வழவழவென்று, கல்தூணின் உருவம் தலைகீழாக விழும் அளவுக்கு மின்னும் தரை. பார்த்தால் வழுக்கும் போலிருக்கும். காய்ந்த வெறுங்காலை வைத்தால் வழுக்காது. உள்ளங்காலில் குளுமை ஏறும், அவ்வளவுதான்.

அரண்மனையின் பெரும்பகுதி மரத்தால் ஆனது. இந்த மண்டபம் மட்டும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களைப் போலக் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. விளக்கேந்திய பெண் உருவங்கள் செதுக்கிய தூண்கள், பக்கத்திலேயே சரஸ்வதி சன்னதி, அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே தெரியாமல் உட்கார்ந்து பார்க்கத் துளையிட்ட மரத்தட்டி அடைத்த அறை என எல்லாம் ஆட்டத்தையும் பாட்டையும் நினைத்தே அமைந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் தலைநகரம் இந்தச் சின்ன ஊர்தான். 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா கதகளிக்கு ஆட்டக்கதைகள் எழுதியவர். 'பாலராம பரதம்' என்ற நாட்டிய நூலையும் சமஸ்கிருதத்தில் எழுதினார். நாட்டிய இலக்கணம் அறிந்த அரசர்கள் வாழ்ந்த ஊரில் ஆடும் தரைக்கு இத்தனை கவனம் கிடைத்ததில் வியப்பில்லை.

அந்தத் தரையின் சேர்மானமாகச் சொல்லப்படுபவை சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. இது ஒரு நாளில் நடக்கிற காரியம் கிடையாது. கனமாக ஒரே பூச்சாகப் போட்டால் மேல்பகுதி முதலில் இறுகி, அடிப்பகுதி பச்சையாகவே நின்று, வெடிப்பு விழும். அதனால் சுண்ணாம்புப் பூச்சு எதுவானாலும் மெல்லிய அடுக்குகளாக ஏற வேண்டும். சிரட்டைக்கரி சுத்தமான கரிமம். வெயிலிலும் வெளுக்காது, நைஸாக அரைத்தால் சுண்ணாம்பின் நுண்துளைகளுக்குள் போய் உட்காரும். வெள்ளைக்கரு பூச்சைக் குழைவாக்கி ஒட்டவைக்கும், நீர் எளிதில் இறங்காதபடி காக்கும். கடைசியில், பூச்சு முழுக்க இறுகுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். சேர்மானத்தை மட்டும் கேட்டுப்போய் இதே தரையைப் போட நினைக்கிறவர்களுக்குத் தடுக்குவது இந்தக் கடைசிப் படிதான். பளபளப்பில் பாதி சேர்மானத்தில் இருக்கிறது, பாதி தேய்ப்பில்.

இந்தத் தரை ஆட்டத்துக்கு எப்படி? குளிர்ச்சியானது, மேடு பள்ளம் இல்லாதது, இணைப்புக் கோடு இல்லாதது. காலை இழுத்து வைக்கும் அடவுகளில் விரல் எங்கும் தட்டாது. ஆனால் கெட்டியானது, ஓங்கித் தட்டினால் அடி முழுவதும் முழங்காலுக்கே திரும்பும். ஆண்டுக்கு 9 நாள் ஆடும் இடத்துக்கு அது போதும். நாள்தோறும் பிள்ளைகள் 2 மணி நேரம் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போதாது. இந்த வேறுபாட்டைப் பிற்காலத்தில் கட்டிய கூடங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நவராத்திரி விழாவும் பிறகு அங்கே போய்விட்டது. இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகக் குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். தெய்வங்கள் போய் வருகின்றன. கச்சேரி அங்கேயே தங்கிவிட்டது. இங்கே மிஞ்சியது மண்டபமும் தரையும். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. இப்போது அது பார்க்கும் இடம். ஆடும் இடமாக இருந்தது அந்தக் காலம்.

கூடம் இல்லாதவர்கள் ஆடிய இடம்

அரண்மனை மண்டபத்தை வைத்து மட்டும் இந்தப் பகுதியின் ஆட்ட வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறுகூட ஆகாது. இங்கே பெருவாரியான மக்களுக்கு மண்டபத்தின் படியை மிதிக்கும் உரிமையே இருக்கவில்லை. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926-ல் சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936 நவம்பர் 12-ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தோடுதான் வந்தது. தெருவே அடைபட்டிருந்தவர்களுக்கு மண்டபம் எப்படிக் கிடைக்கும்? இன்னொரு பக்கம், கோயிலுக்குள் ஆடிவந்த தேவதாசிகளின் ஆட்டமும் அதே காலத்தில் முடிவுக்கு வந்தது. தென்திருவிதாங்கூர்க் கோயில்களில் தேவதாசி முறை 1930-ல் ஒழிக்கப்பட்டது.

ஆனால் ஊர் ஆடாமல் இருந்ததில்லை. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களின் முற்றம்தான் ஊருக்கு ஆட்டக்கூடம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்து, ஓலைப்பந்தல் போட்டு, ஊர்த்தெய்வத்துக்கு எடுக்கும் விழாவான கொடை நடக்கும். அங்கே வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகம். கிறிஸ்தவ ஊர்களில் கோயில் திருவிழா இரவுகளில் களியல், நாடகம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் திருவிழா நாட்களில் கதகளி. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய தரையைத் தானே தேர்ந்துகொண்டது.

கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுகிறவர்கள் சலங்கை கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கி ஆடுகிறார்கள். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்ற தோல்பறை இரண்டு முழங்கும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஆட்டம் மணிக்கணக்கில் போகும். அதை அந்தக் கால்கள் தாங்குவது மண் தரை என்பதால்தான். ஊரில் களம் ஒதுக்கும் முறையைக் கவனித்தால் அதில் தேர்ந்த கைவேலை தெரியும். கல், சில்லு, முள் பொறுக்கி, 3 அல்லது 4 அங்குலம் செம்மண் பரப்பி, முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிப்பார்கள். காலையில் சாணிக்கரைசல் தெளித்து மெழுகுவார்கள். தண்ணீர் கூடினால் மேல்மண் சேறாகிக் கால் சறுக்கும். குறைந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே புழுதி கிளம்பி, பாடுகிறவரின் தொண்டையை அடைக்கும். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி, விட்டால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் ஈரத்தின் அளவு. இப்படி இடித்த மண் காலுக்கு ஒரு நூல் அளவு இணங்கிக் கொடுக்கும். அந்த ஒரு நூல்தான் முழங்காலைக் காப்பாற்றுகிறது.

களியலுக்கு வேண்டியது வட்டம். நடுவில் குத்துவிளக்கு, தாளத்தோடு ஆசான், சுற்றிலும் கோல் பிடித்த ஆட்டக்காரர்கள். மெல்லத் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டே போய், உச்சத்தில் முடியும். 12 பேர் சுற்ற வேண்டுமென்றால், கோல் வீசி, குனிந்து, திரும்ப ஒவ்வொருவருக்கும் 5 அடி வில்வளைவாவது வேண்டும். சுற்றளவு 60 அடி, அதாவது குறுக்களவு 19 அடிக்குமேல். வெளியே கோல் வீசும் இடத்தையும் சேர்த்தால் 25 அடிக்கு 25 அடி சதுரம். முற்றத்தில் இது எளிதாகக் கிடைத்தது. பின்னால் வந்த 15 அடி ஆழ மேடைகளில் வட்டம் நசுங்கி நீள்வட்டம் ஆனது. வளைவில் வருகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால் கோலடி ஒன்றுக்கொன்று பிந்தும். பயிற்சி போதவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுவார்கள். உண்மையில் இடம்தான் போதவில்லை.

கதகளியில் நடிகர் பாதத்தின் வெளிவிளிம்பில் நிற்கிறார். முன்னால் தடித்த திரியிட்ட பெரிய விளக்கு. அதன் ஒளி எட்டும் தூரம்தான் மேடை. பத்தடிச் சதுரம் போதும். வில்லுப்பாட்டுக்கு அதுவும் வேண்டாம். ஏழெட்டுப் பேர் உட்கார இடமிருந்தால் ஆயிற்று.

சிமெண்ட் வந்த பிறகு

1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முந்திய தலைமுறையிலேயே நாடகக் கம்பெனிகள் நாகர்கோவில் பக்கத்தில் கொட்டகை போட்டு ஆடி, மேடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஒரு வடிவத்தை ஊர்மக்கள் மனதில் பதித்திருந்தன. மூன்று பக்கம் அடைப்பு, முன்னால் திரை, உயர்ந்த தளம். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாடக மேடையில் வளர்ந்தவர். கொடைக் களத்தின் வில்லுப்பாட்டைப் பொதுமேடைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். களத்தில் இருந்த கலை மேடை ஏறியபோது, ஊருக்கும் ஒரு நிரந்தர மேடை வேண்டும் என்ற ஆசை வந்தது இயல்பு.

வாசகசாலை ஆண்டுவிழா, பொங்கல் விளையாட்டுப் போட்டி, கோயில் கொடை, பங்குத் திருவிழா என எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கலையரங்கம். முதலில் ஊர் வரியிலும் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் நன்கொடையிலும் கட்டினார்கள். 1993 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு, தொகுதி நிதியில் கட்டிய கலையரங்கங்களும் சமுதாய நலக்கூடங்களும் பெருகின. நெற்றியில் நிதியின் பெயரும் ஆண்டும் எழுதிய அந்த மேடைகளை மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் பார்க்கலாம்.

மாவட்டத்தின் பழைய கூடங்களில் ஆக்சைடு தரை உண்டு, சிவப்பும் கறுப்பும். அரண்மனைத் தரையின் சாயலைச் சாதாரண வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுவந்தது அதுதான். நன்றாகப் போட்ட ஆக்சைடு தரை ஆட்டத்துக்கு இன்றும் டைல்ஸைவிட நூறு மடங்கு நல்லது. அடியில் 3 முதல் 4 அங்குலக் கான்கிரீட். அதன்மேல் 1-க்கு 3 சிமெண்ட் கலவை ஓர் அங்குலம். அது பச்சையாக இருக்கும்போதே, 4 அல்லது 5 பங்கு சிமெண்டுக்கு 1 பங்கு ஆக்சைடு பொடி கலந்த மெல்லிய பூச்சு. பொடியைக் கூட்டினால் நிறம் கூடும் என்று நினைத்து அள்ளிப் போட்டால் பூச்சு பலமிழந்து, ஆடுகிறவர் பாதமெல்லாம் சிவந்துபோகும். ஒரு கட்டத்தை அதே நாளில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த இடத்தில் கோடு தெரியும், பிறகு அதே கோட்டில் வெடிக்கும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் 4 அடிக்கு 4 அடி கட்டம் பிரித்துக் கண்ணாடிப் பட்டை பதித்தார்கள். 7 முதல் 10 நாள் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே திறப்புவிழா வைத்த கூடங்களில் தலைமுடி போல வெடிப்பு ஓடியிருக்கும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்ப்பது வீட்டுக்குச் சரி. ஆடும் தரையில் இரண்டும் கூடாது.

பிறகு டைல்ஸ் வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அண்ணே, டைல்ஸ் போட்டா கழுவ சுளுவு, பாக்கவும் அழகாட்டு இருக்கும்" என்பார். கழுவ எளிது என்பது உண்மை. கல்யாண விருந்துக்குச் சரியான தரை. ஆனால் மினுக்கு டைல்ஸில் ஒரு துளி வியர்வை விழுந்தால் கால் நிற்காது. வரிசைக்கு வரிசை ஒட்டும் சாந்து ஒழுங்காக நிரம்பாத இடத்தில் அடியில் பொந்து இருக்கும். ஓங்கித் தட்டினால் 'டொக்' என்று சத்தம் கேட்கும், ஒரு நாள் உடையும், உடைந்த விளிம்பு பாதத்தைக் கிழிக்கும். அதற்கும் மேலாக, டைல்ஸுக்கு அடியில் இருப்பது கான்கிரீட். பரதத்தில் தட்டடவு ஒன்றிலேயே கால் தூக்கித் தட்டும் எண்ணிக்கை ஒரு வகுப்பில் ஆயிரத்தைத் தாண்டும். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் முன்னெலும்பு ஓரமாக வரும் வலி, குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் அங்கிருந்து வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு வலி வந்தால் 'பழகினால் சரியாகிவிடும்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தரையைப் பழக்கமாக்கக் கூடாது. அதை மாற்ற வேண்டும்.

மேடையின் உயரம் அடுத்த தவறு. உயரமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று 4 அடி, 4½ அடி என்று எழுப்பிவிடுகிறார்கள். நம் ஊர்களில் முன்வரிசை தரையில் பாய் விரித்து உட்காரும். அப்படி உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 2½ அடி. மேடை 4 அடி உயரம், அவர் மேடை விளிம்பிலிருந்து 10 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் பார்வை விளிம்பைத் தொடும்போது 1½ அடி மேலேறியிருக்கும். இன்னும் 10 அடி உள்ளே ஆடுகிறவரை எட்டும்போது மேலும் 1½ அடி ஏறிவிடும். ஆடுகிறவரின் பாதமும் கெண்டைக்காலும் அவருக்குத் தெரியாது. சலங்கைச் சத்தம் கேட்கும், அதைக் கட்டிய கால் தெரியாது. 3 அடி உயரம் என்றால் மறைவது அரை அடிதான். பின்வரிசையில் நாற்காலியில் இருப்பவர் கண் 4 அடி உயரத்தில் இருப்பதால் அவருக்குக் குறையில்லை. 3 அடிக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது.

அகலம் 24 அடி, ஆழம் 20 அடி என்பது ஓர் ஊர் மேடைக்கு மதிப்பான அளவு. கை விரித்து, முழங்கால் மடித்து அரைமண்டியில் நிற்கும் ஒருவருக்கு 6 அடிச் சதுரம் வேண்டும். 4 பேர் ஒரு வரிசை என்றால் 24 அடி நிறைந்துவிடும். நட்டுவாங்கம், மிருதங்கம், பாட்டு என்று பக்கவாத்தியக்காரர்கள் உட்கார இன்னும் 6 அடி. இடமும் பணமும் இருந்தால் 30 அடி அகலத்துக்கே போகலாம். பக்கவாட்டில் இரண்டு புறமும் வாசல் விடுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்படி ஒன்றுதான் வழி என்று கட்டிய மேடைகளில், அடுத்த பாட்டுக்கு ஏற வேண்டிய பிள்ளைகள் பார்வையாளர்களுக்கு முன்னாலேயே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் 10 அடிக்கு 8 அடியில் கதவு, கண்ணாடி, கழிப்பறையோடு ஓர் உடைமாற்றும் அறை இல்லாத மேடையைப் பெண்பிள்ளைகளுக்கான மேடை என்று சொல்லவே கூடாது.

கான்கிரீட் மேல் மரத்தரை

ஏற்கெனவே கட்டி முடித்த கூடத்தை இடிக்க வேண்டியதில்லை. கான்கிரீட்டுக்கு மேல் இணங்கிக் கொடுக்கும் மரத்தரை போடலாம். இதற்கு வேண்டிய பொருள் எல்லாம் நம் மாவட்டத்திலேயே விளைகிறது: அயினி மரம், ரப்பர், தென்னைநார்.

24 அடிக்கு 20 அடி மேடைக்குக் கணக்கு இது. முதலில் தரையில் கரையான் மருந்து அடித்து, காயவிட்டு, கனமான பாலித்தீன் தாள் விரிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் ஊர் இது. கான்கிரீட் ஆண்டில் பாதி நாள் அடியிலிருந்து ஈரம் விடும். தாளைத் தவிர்த்தால் இரண்டே மழைக்காலத்தில் பிளைவுட் உப்பி, அடுக்கு பிரியும். அதன்மேல் 2 அங்குலத்துக்கு 1½ அங்குல அயினி ரீப்பரை (மரச்சட்டத்தை) 1½ அடிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் 15 வரிசை போட்டால் 360 அடி ரீப்பர் வரும். ரீப்பர் நேராகக் கான்கிரீட்டில் உட்காரக் கூடாது. 2 அடிக்கு ஒன்றாக 10 மி.மீ. கனமுள்ள ரப்பர் துண்டு அடியில் வைக்க வேண்டும். வரிசைக்கு 13, மொத்தம் 195 துண்டுகள். இந்தத் துண்டுகள்தான் முழுத் தரையையும் மிதக்கவிடுகின்றன. எல்லாத் துண்டும் ஒரே கடினத்தில் இருக்க வேண்டும். கிடைத்ததை வெட்டிக் கலந்து வைத்தால் ஒரு பக்கம் துள்ளும், ஒரு பக்கம் செத்துக் கிடக்கும். ஆடுகிறவர் கால் அந்த எல்லையில் தடுமாறும்.

மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட். 8 அடிக்கு 4 அடித் தாள் ஒன்று 32 சதுர அடி. 480 சதுர அடிக்கு 15 தாள். இரண்டாவது அடுக்காக 12 மி.மீ. தாள் இன்னொரு 15, முதல் அடுக்கின் இணைப்புக்கு மேல் இணைப்பு வராதபடி மாற்றி. ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, நடுவில் ஓரடிக்கு ஒன்று. தலை மரத்துக்குள் இறங்கி இருக்க வேண்டும். ஆணி கூடாது. ஆணி துள்ளத் துள்ள மேலே வரும், ஆறு மாதத்தில் பாதத்தைக் குத்தும். சுவரோரம் நாலு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும்; மழையில் மரம் பருக்கும்போது போக இடம் இல்லாவிட்டால் நடுவில் முதுகு தூக்கிவிடும். வார்னிஷ் அடிக்காதீர்கள். மணல்தாள் போட்டுத் தேய்த்த வெறும் மரம்தான் வெறுங்காலுக்குப் பிடிப்பு.

இதற்குப் பணம் போதாத இடங்களில், ரப்பர் கலந்த தென்னைநார்த் தாளின் மேல் பிளைவுட் பலகைகளைக் கொக்கி போட்டு இணைத்து, வேண்டியபோது விரித்து மற்ற நாளில் அடுக்கி வைப்பது ஒரு வழி. வகுப்புக்குப் போதுமானது. மெத்தைப் பஞ்சை அடியில் வைப்பது மட்டும் வேண்டாம். அது அமுங்கிக்கொண்டே போவதால் கணுக்கால் மடங்கும், கான்கிரீட்டைவிடக் கேடு.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கைதட்டிய ஒலி சுவரில் மோதித் திரும்ப ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் காது அதை இரண்டாவது சத்தமாகக் கேட்கும். பின்சுவர் 28 அடிக்கு மேல் தள்ளியிருக்கும் மூடிய கூடம் எதிலும் இந்த ஆபத்து உண்டு. சாதாரண நடையில் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, ஜதி சொல்லும்போது தட்டுக்குத் தட்டு இடைவெளி வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். கூடத்தில் ஒலி 2 வினாடி சுழன்றால் பத்துத் தட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். மைக் செட்டின் சத்தத்தைக் கூட்டினால் கூழும் கூடும். பின்சுவரிலும் பக்கச்சுவரின் பின்பாதியிலும் கனமான கயிற்றுப்பாயை, சுவருக்கும் பாய்க்கும் 2 அங்குலம் இடைவெளி விட்டு, மரச்சட்டத்தில் அடித்துத் தொங்கவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். சுவரோடு ஒட்டி அடித்தால் பலன் பாதிதான். ஈரம் தங்கிப் பாயும் பூத்துப்போகும். தகரக் கூரை போட்ட கூடங்களில் மழை நேரத்தில் எதுவுமே கேட்காது. தகரத்துக்கு அடியில் ஓர் அடுக்குத் தட்டி போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மகுடத்துக்கு நெருப்பு, வில்லுக்குத் திசை

பரதத்துக்குச் சொன்ன இத்தனையும் செய்து முடித்த கூடத்திலும் நம் ஊர்க்கலை ஆடப் பாட வசதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மகுடத்தின் தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். மழைக்காலக் கொடையில் அரை மணிக்கொரு தடவை வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சுவார்கள். உச்சத்துக்கும் மந்தத்துக்கும் உள்ள சுருதி வித்தியாசம் அப்படித்தான் நிற்கிறது. மரத்தரையும் திரைச்சீலையும் உள்ள மேடையில் இதற்கு இடம் கிடையாது. மேடையின் பின்பக்கம், மழை விழாத ஒரு சாய்ப்பில், 4 அடிச் சதுரம் செங்கல் தளம் விட்டால் போதும். அது இல்லாத கலையரங்கத்தில் கணியான்கள் ரோட்டோரம் போய்க் காய்ச்சிக்கொண்டு ஓடிவருவதைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

வில்லுப்பாட்டின் குடம், அடியில் வைக்கும் வளையமான பிரிமணை மேல் உட்காரும். அதன் கழுத்தோடு வில் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். கமுகம்பாளையால் செய்த பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் கனத்த ஒலிக்குப் பிரிமணை காரணம். அது குடத்தைத் தரையிலிருந்து பிரித்துவைக்கிறது. டைல்ஸ் தரையில் பிரிமணை நகரும், குடம் ஆடும், வில் சாயும். ஈரச்சாக்கு ஒன்றை நாலாக மடித்து அடியில் போடுவது பழைய கைவைத்தியம். மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் காற்று அடித்துப் பொதபொதவென்று கேட்கும். ஓரடி தள்ளிச் சாய்த்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது திசை. கொடையில் வில்லுக்காரர்கள் சன்னதியைப் பார்த்து உட்கார்ந்து பாடுகிறார்கள். கதை தெய்வத்துக்குச் சொல்லப்படுகிறது. கூடியிருப்பவர்கள் உடன் கேட்கிறார்கள். சாமி வருவதும் அந்த நேர்முகத்தில்தான். இடம் கிடைத்த பக்கமெல்லாம் கலையரங்கத்தைக் கட்டி, அதன் முகத்தை ரோட்டுக்குத் திருப்பிவிட்ட ஊர்களில், கொடை அன்று வில்லுக்காரர்கள் அந்த மேடையில் ஏறுவதில்லை. லட்சக்கணக்கில் செலவழித்த மேடை இருட்டில் கிடக்க, பக்கத்தில் கம்பு நட்டுத் தனியாக ஒரு பந்தல் எழும்புகிறது. புதிதாகக் கட்டப்போகிறவர்கள் கோயில் முற்றத்தில் கயிறு பிடித்து, சன்னதிக்கு நேர் எதிரில் மேடையின் நடுவைக் குறித்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். ஏற்கெனவே திசைமாறிக் கட்டியாயிற்று என்றால், சன்னதிக்கு எதிரே ஓரடி உயரத்தில் 12 அடிக்கு 10 அடி திண்ணை ஒன்று போட்டு, நாலு மூலையிலும் பந்தல்கால் நிறுத்தக் குழாய் பதித்துவிடலாம். மேற்பரப்பில் ஆக்சைடு பூசி, பின்பக்கம் வாட்டம் விட்டால் மழைத் தண்ணீர் தேங்காது.